சுழன்ற தட்டுக்கும் ஷட்டர் டிவிக்கும் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருச் சமூகக் கூடத்தில் வைத்த பழைய தொலைக்காட்சிக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள் எங்கள் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு போய்ச்சேர வேண்டியவர்கள் வேறு. கண்காட்சி நடந்த நேரத்தில் அவர்களில் பலர் பட்டறையிலும் கடையிலும் வேலையில் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி கொருக்குப்பேட்டை லேத் பட்டறை அண்ணனுக்கு. கண்காட்சியின் உயிரே அவர் செய்து கொடுத்த அலுமினியத் தட்டுதான். 1884இல் ஜெர்மனியில் பால் நிப்கோ என்பவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை அது: ஒரு வட்டத் தட்டில் சுருள் வடிவில் வரிசையாகத் துளைகள், தட்டு சுழலும்போது ஒவ்வொரு துளையும் காட்சியின் மேல் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போகும், அடுத்த துளை அதற்குப் பக்கத்துக் கோட்டை இழுக்கும். நிப்கோவின் இந்தத் தட்டை நம்பித்தான் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லோகி பேர்டு 1926 ஜனவரி 26 அன்று லண்டன் சோஹோவில், தன் மாடி அறையில், அறிஞர்களைக் கூப்பிட்டு நகரும் முகத்தைத் திரையில் காட்டினார்.

அண்ணனிடம் இந்தக் கதையை எல்லாம் சொல்லிவிட்டு வரைபடத்தை நீட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஓட்டைக்கு ஓட்டை எத்தனை டிகிரி?” முப்பது துளை, அப்படியென்றால் 12 டிகிரி. கோணம் அளந்து திருப்பும் டிவைடிங் ஹெட்டில் தட்டை மாட்டி, ஒவ்வொரு துளைக்கும் 12 டிகிரி திருப்பி, ஒரு துளை அகலம் மட்டும் உள்ளே தள்ளி, சன்னமான டிரில் பிட்டை இறக்கினார். ஒரு துளை கொஞ்சம் விலகினாலும் படத்தில் கறுப்புக் கோடு விழும் என்று சொல்லியிருந்தேன். துளை போட்டு முடித்ததும் தட்டை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப்பிடித்து, ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் ஒட்டியிருந்த பிசிறை ஊசியால் தானே எடுத்தார். வேலைக்கு இருந்த பையனிடம் அதைக் கொடுக்கவில்லை. மோட்டாரில் மாட்டி நிமிடத்துக்கு 750 சுற்று ஓடவிட்டபோது தட்டில் துளிகூட ஆட்டமில்லை. நொடிக்கு பன்னிரண்டரைப் படம். பேர்டின் பிற்கால ஒளிபரப்பும் அந்த வேகத்தில்தான்.

பேர்டின் முதல் கருவியில் இருந்த சாமான்களைக் கேட்டால் நம் மூலக்கொத்தளம் பழைய இரும்புக் கடைக்காரர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். தேயிலைப் பெட்டி, தொப்பி அட்டைப்பெட்டி, சைக்கிள் விளக்கின் லென்ஸ், தையல் ஊசி, அரக்கு. காசு இல்லாத மனிதர். கைக்குக் கிடைத்ததை வைத்துக் கட்டினார். விளக்குகளின் சூட்டில் யாரும் முன்னால் உட்கார முடியாது என்பதால் ஒரு பொம்மைத் தலையை வைத்துத்தான் சோதனை செய்தார். 1925 அக்டோபரில் பொம்மை முகம் தெளிவாகத் தெரிந்ததும், கீழ்த்தளத்து அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்த்த வில்லியம் டெயின்டன் என்ற பையனைக் கூட்டிவந்து உட்கார வைத்தார். சூடு தாங்காமல் அவன் நழுவப் பார்க்க, கையில் அரை கிரவுன் காசு கொடுத்து மறுபடி உட்கார வைத்தாராம். தொலைக்காட்சியில் தெரிந்த முதல் மனித முகங்களில் ஒன்று அந்த எடுபிடிப் பையனுடையது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தட்டு ரெடி, படத்துக்கு எங்கே போவது? இந்த இடத்தில் வியாசர்பாடியிலிருந்து வந்த டிப்ளமோ மாணவர்கள் கைகொடுத்தார்கள். முப்பது கோட்டுப் படத்தின் சிக்னல் ஒரு பாட்டின் ஒலி அளவுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் 1929இல் பிபிசி தன் சாதாரண வானொலி டிரான்ஸ்மிட்டர் வழியாகவே பேர்டின் படத்தை அனுப்ப முடிந்தது. தம்பிகள் லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து சிக்னலை எடுத்து, சின்ன ஆம்பிளிஃபயர் கட்டி, பழைய நியான் விளக்கின் நிறத்துக்குப் பொருத்தமாக ஆரஞ்சு எல்இடிகளைத் தேடி வாங்கி வந்து பொருத்தினார்கள். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு முகம் தெரிந்தது, கண்ணைச் சிமிட்டியது. அதைக் குனிந்து பார்க்க வாசல்வரை வரிசை நின்றது.

அடுத்து ராயபுரம் அம்மாவுக்கு. தன் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிய கறுப்பு வெள்ளை சாலிடேர் டிவியை, மரப்பெட்டி, மடக்கு ஷட்டர், நாலு கால், மேலே விரித்த பூப்போட்ட துணி எல்லாவற்றோடும் கொடுத்தார்கள். “ஓடுனா ஓடட்டும், ஓடலைனாலும் பத்திரமா திருப்பிக் கொடுங்க” என்பது மட்டும்தான் நிபந்தனை. 1975 ஆகஸ்ட் 15இல் மெட்ராஸ் டிவி தொடங்கிய பிறகு இப்படி ஒரு பெட்டி இருந்த வீட்டு வாசலில் வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ பார்க்கத் தெருவே கூடிய கதை அந்த அம்மா வீட்டுக் கதையும்தான்.

அந்தப் பெட்டியை ஓட வைத்தவர் தண்டையார்பேட்டை டிவி மெக்கானிக் ஐயா. எடுத்ததும் பிளக்கைச் சொருக விடவில்லை. முதலில் பிக்சர் டியூபில் தேங்கியிருக்கக்கூடிய மின்சாரத்தை எர்த் செய்தார். அப்புறம் தூசு தட்டி, காய்ந்துபோன கண்டென்சர்களை ஒவ்வொன்றாக மாற்றினார். உயர் மின்னழுத்தம் தரும் எல்ஓடி டிரான்ஸ்ஃபார்மர் நல்லபடியாக இருந்தது பெரிய அதிர்ஷ்டம். கரண்ட் கொடுத்ததும் காதைத் தீட்டிக்கொண்டு, “விசில் வருது, லைன் ஓடுது” என்றார். 625 கோடு, நொடிக்கு 25 படம், பெருக்கினால் 15,625. அந்த அதிர்வெண்ணில்தான் பெட்டி சன்னமாக விசிலடிக்கும். அந்த வயதிலும் அவருக்கு அது கேட்டது! பழைய ஒளிபரப்பு இன்று இல்லையே என்று நாங்கள் முழித்தபோது, பர்மா பஜாரில் ஒரு காலத்தில் வாங்கிய வீடியோ கேம் பெட்டியைப் பிரித்து, படத்தை டிவி சேனல் சிக்னலாக மாற்றும் மாடுலேட்டரை அதிலிருந்து எடுத்து இதில் இணைத்தார். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று நாங்கள் எழுதிய அட்டைதான் திரையில் முதலில் வந்தது. கூடத்தில் இருந்த பெரியவர்கள் கைதட்டினார்கள்.

ஸ்டுடியோப் பகுதியை முழுக்கத் தாங்கியவர் தொலைக்காட்சி நிலையத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். பழைய கேமராக்களில் ஜூம் லென்ஸ் கிடையாது. நாலு லென்ஸ் பொருத்திய வட்டைத் திருப்பித்தான் கிட்டத்தையும் தூரத்தையும் மாற்றினார்கள் என்பதை அட்டையில் செய்த மாதிரியைத் திருப்பிக் காட்டி விளக்கினார். நிகழ்ச்சிக்கு முன் எல்லாக் கேமராக்களையும் ஒரே சாம்பல்நிற அட்டையைப் பார்க்க வைத்து ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்யும் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. 1936 நவம்பர் 2இல் லண்டன் அலெக்ஸாண்ட்ரா அரண்மனையில் பிபிசி ஒளிபரப்பு தொடங்கியபோது பேர்டின் 240 கோட்டு முறையும் மார்கோனி-ஈஎம்ஐ நிறுவனத்தின் 405 கோட்டு முறையும் மாறி மாறி ஓடியதையும், நகர்த்தவே முடியாத பேர்டு கேமரா 1937இல் தோற்றுப்போனதையும் அவர் சொன்னபோது, எனக்கு பேர்டுக்காக மனசு கனத்தது. தோற்றாலும் வழி காட்டியவர் அவர்தான் என்பது என் கருத்து.

அவர் சொன்னதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வீடியோ டேப்பின் கதை. 1956இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த இயந்திரத்தில் நாடா இரண்டு அங்குல அகலம்; படத்தைப் பதியும் நாலு ஹெட் பொருத்திய சக்கரம் நிமிடத்துக்கு 14,400 சுற்று. எடிட் செய்ய, இரும்புத் துகள் கலந்த திரவத்தை நாடாவில் தடவி, தடம் தெரிந்ததும் பூதக்கண்ணாடி வைத்து பிளேடால் வெட்டி ஒட்டுவார்கள். நாடாவின் விலை அதிகம் என்பதால் பல நாடுகளில் பழைய நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் புதியதைப் பதிந்தார்கள். அப்படிப் போன நிகழ்ச்சிகள் போனவைதான்.

மீன்பாடி வண்டியில் சாலிடேரை ராயபுரத்திலிருந்து மிதித்துக் கொண்டுவந்த அண்ணன், பள்ளம் வந்த இடமெல்லாம் இறங்கித் தள்ளினார். தேநீர்க்கடை அண்ணன், நாற்காலி கொடுத்த பந்தல்காரர், பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்த டீச்சரம்மா, இரண்டு இரவும் கூடத்தில் காவலுக்குப் படுத்த தெருப் பையன்கள் எல்லாருக்கும் நன்றி. 1950இலேயே தேனாம்பேட்டைக் கண்காட்சியில் பி. சிவகுமாரன் என்ற மின்பொறியியல் மாணவர் ஒரு கடிதத்தின் உருவை கேத்தோடு கதிர்க் குழாய்த் திரையில் காட்டினார் என்ற தகவலைத் தேடிக்கொடுத்த நூலக நண்பருக்குத் தனி நன்றி. டெல்லியில் ஒளிபரப்பு தொடங்கியதே 1959 செப்டம்பர் 15இல்தான். அதற்கும் முன்னால் நம் ஊரில் இது நடந்திருக்கிறது என்று அந்தத் தகவலை எழுதி வைத்த பலகையின் முன் எத்தனை பேர் நின்று படித்தார்கள்!

சாலிடேர் பத்திரமாக ராயபுரம் போய்ச் சேர்ந்தாயிற்று. தட்டு, அண்ணன் கேட்டுக்கொண்டபடி கொருக்குப்பேட்டைப் பட்டறையிலேயே இருக்கிறது. ஒரு வேண்டுகோள் மட்டும். ஸ்டுடியோவில் கேமரா, லைட், டேப், மேக்கப் என்று எந்த வேலை பார்த்தவராக இருந்தாலும், எங்கள் தெருப் பக்கம் வந்தால் கூடத்தில் சொல்லுங்கள். தம்பிகள் ரெக்கார்டரோடு வந்துவிடுவார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா ஞாயிறு மாலைகளில் வந்து பேசச் சம்மதித்திருக்கிறார். அவர் பேச்சிலிருந்துதான் பதிவைத் தொடங்குகிறோம்.