டைட்டனில் ஓய்வு நாள் எது? ரிச்சர்ட் லவெட்டுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ரிச்சர்ட் லவெட் அவர்களுக்கு,

உங்கள் பெயரை நான் இரண்டு ஆட்களுடையதாகத்தான் முதலில் அறிந்தேன். ஒருவர் அனலாக் இதழில் அறிவியல் புனைகதை எழுதுகிறவர். மற்றவர் ஓட்டப் பயிற்சியாளர்; முழங்கால் வலியோடு ஓட்டப் பயிற்சி பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் அவரைக் கண்டேன். இருவருமே ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட்காரர்கள் என்று பார்த்த பிறகுதான் சந்தேகம் தட்டியது.

வானியற்பியலில் இளநிலை, பிறகு சட்டம், அதற்குமேல் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம். இப்படி ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் இருந்திருந்தால், "கடைசியில் நீ என்னவாகத்தான் போகிறாய்?" என்று கேட்டே ஓய்ந்திருப்பார்கள். நீங்களோ எழுத வந்துவிட்டீர்கள். மிதிவண்டியில் தனியாக அமெரிக்காவைக் கடந்து அதைப் புத்தகமாக்கினீர்கள். நேச்சருக்கும் நியூ சயின்டிஸ்டுக்கும் அறிவியல் கட்டுரைகள் எழுதினீர்கள். அனலாக் வாசகர்கள் தங்கள் வருடாந்திர வாக்கெடுப்பில் உங்களைப் பலமுறை தேர்ந்தெடுத்தார்கள். சிதறிப்போன வாழ்க்கை என்று இதை ஒருவர் சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், டைட்டன் கதையைப் படிக்கும்வரை.

ஹைகன்ஸ் ஆய்வுக்கலம் சனிக்கோளின் அந்த நிலவில் இறங்கியது 2005 ஜனவரி 14 அன்று. அதன் நடுக்கோட்டை ஒட்டி மணற்குன்றுகள் வரிவரியாக நீண்டு கிடப்பதைக் காசினி விண்கலத்தின் ரேடார் காட்டியது. 2007இல் வெளிவந்த உங்கள் கதையில், நாயகன் ஃபிளாய்ட் அந்த மணலில் மாட்டிக்கொண்டுவிட்டான்! துணைக்கு மனிதர் எவரும் இல்லை. அவனுடனேயே இருக்கும் பிரிட்னி என்ற செயற்கை அறிவு மட்டும். வெளியே குளிர், பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 180 டிகிரி. ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஏழில் ஒரு பங்கு. காற்றோ நம்முடையதைவிட நான்கு மடங்குக்கு மேல் அடர்த்தி. உடம்பின் எடை குறைந்துவிடும், ஆனால் தரையைக் காலால் உந்தப் பிடிமானம் கிடைக்காது. வேகமெடுத்தால் காற்றே நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். இந்தக் கணக்கை நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்து அரை நாளைத் தொலைத்தேன்.

அப்போதுதான் பிரிட்னி யார் என்று புரிந்தது. கால் அவனுடையது, கணக்கு அவளுடையது. அவன் இடத்தில் நின்று அவளால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. தடகள மைதானத்தின் ஓரத்தில் நிறுத்துக் கடிகாரத்தோடு நிற்கிறவரின் நிலைமையும் இதுதானே? நானூறு மீட்டர் சுற்றை ஒருவர் முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கும்போது, இன்னும் ஒன்று ஓடச் சொல்வதா, வீட்டுக்குப் போகச் சொல்வதா என்று அடுத்தவர் உடம்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். தவறினால் வலிப்பது அவருக்கு. பிரிட்னியை எழுத நீங்கள் கணினியைவிட மைதானத்தைத்தான் அதிகம் நம்பியிருப்பீர்கள் என்பது என் ஊகம்.

உங்கள் ஓட்டக் குழுவின் பெயர் ரெட் லிசர்ட், அதாவது சிவப்புப் பல்லி. எங்கள் பஞ்சாங்கத்தில் பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று ஒரு பட்டியலே உண்டு. மராத்தானுக்குப் பலன் சொல்லும் பல்லி போர்ட்லண்டில்தான் இருக்கிறது போலும்.

ஒரு நெருடலையும் சொல்லிவிடுகிறேன். ஆல்பர்ட்டோ சலசாருடன் சேர்ந்து நீங்கள் எழுதிய ஓட்ட வழிகாட்டி 2001இல் வந்தது. சலசார் 1980 முதல் 1982 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நியூயார்க் மராத்தானை வென்றவர். ஒரு தலைமுறைக்கே ஆதர்சம். ஊக்கமருந்து விதிமீறல்களுக்காக 2019இல் அவருக்கு நான்கு ஆண்டு தடை விதிக்கப்பட்டது. இதில் உங்கள் பங்கு ஏதுமில்லை. ஆனாலும் அட்டையில் பெரிய எழுத்தில் இருந்த பெயர் சரிந்தபோது, சிறிய எழுத்தில் இருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். உள்ளே இருக்கும் வாக்கியங்களை அடுக்கியது உங்கள் கை. அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தைத் தூக்கிவிட வேண்டும் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு மனம் வரவில்லை. சலசாருக்காக அல்ல.

முழங்கால் இப்போது தேவலை. பயிற்சியாளர் இல்லாமல், பக்கத்தில் ஓடுகிறவரை முந்துவதற்காகவே தினமும் ஓடி நானே கெடுத்துக்கொண்டது அது. வாரத்தில் இரண்டு நாள் ஓடக் கூடாது என்ற எளிய விஷயத்தை ஏற்றுக்கொள்ள எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

அதனால் ஒரு சந்தேகம். டைட்டனில் குடியேறிய ஒருவர் மராத்தானுக்குப் பயிற்சி கேட்டு உங்களிடம் வருகிறார் என்று வையுங்கள். அங்கே ஒரு நாள் என்பது நம் கணக்கில் கிட்டத்தட்ட 16 நாள். ஒரு நாள் ஓய்வு என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், அவர் எந்த நாட்காட்டியைப் பார்ப்பார்?

அன்புடன்,
மெதுவாக ஓடும் ஒரு வாசகன்