கடவுள் பெயராலும் லாபத்தின் பெயராலும்

அன்புள்ள வேலு,

உன் கடிதம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஜவுளி வியாபாரத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, கணக்கு நோட்டை மட்டும் கொடுக்க மாட்டேன் என்கிறாயாமே! இங்கே எல்லோரும் சுகம். பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், அதனால் பகலில் படிக்க நேரம் கிடைக்கிறது.

இப்போது படிப்பது உன் தொழில்காரர் ஒருவரைப் பற்றித்தான். பெயர் பிரான்செஸ்கோ தத்தீனி. இத்தாலியில் புளோரன்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பிராட்டோ அவர் ஊர். 1348 கொள்ளைநோயில் அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். பதினைந்து வயது வாக்கில் பையன் பிரான்ஸ் பக்கம் இருக்கும் அவிஞோனுக்குக் கிளம்பிவிட்டான். போப்பாண்டவர் அப்போது ரோமில் இல்லை, அவிஞோனில்தான் இருந்தார். அவரைச் சுற்றிக் கார்டினல்கள், தூதர்கள், வழக்குக்காரர்கள், ஏராளமான பணம். தத்தீனி அங்கே கவசமும் வாளும் விற்றார். யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று பார்க்கவில்லை, இரண்டு தரப்புக்கும் விற்றார். கூடவே புளோரன்ஸிலிருந்து மாதா படங்களை வரவழைத்து அதையும் விற்றார்.

ஊர் திரும்பியபோது பெரிய பணக்காரர். இத்தாலியில் பீசா, ஜெனோவா, ஸ்பெயின் பக்கம் பார்சிலோனா, வலென்சியா, மயோர்க்கா தீவு என்று எங்கும் கிளைகள். அந்த மனிதர் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப் போடவில்லை. 1870-ல் அவருடைய வீட்டு மாடிப்படிக்குக் கீழே மூட்டை மூட்டையாகக் கிடைத்தன: சுமார் ஒன்றரை லட்சம் கடிதங்கள், ஐந்நூறுக்கு மேல் கணக்குப் புத்தகங்கள். அந்தப் புத்தகங்களின் முதல் பக்கத்தில் 'கடவுள் பெயராலும் லாபத்தின் பெயராலும்' என்று எழுதியிருக்கிறார்.

அதில் ஒரு சரக்கின் கதை உனக்குப் பிடிக்கும். 1394-ல் மயோர்க்கா கிளைக்குக் கம்பளிக்கு ஆர்டர் போகிறது. மறு வருஷம் பக்கத்து மெனோர்க்கா தீவில் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிறார்கள். அது பார்சிலோனா வழியாகக் கப்பலேறி பிராட்டோ வந்து, சிக்கெடுத்து, நூற்று, தறியில் ஏறி, சாயம் போட்டுத் துணியாகிறது. பிறகு அதை வெனிஸ் வழியாக மறுபடி மயோர்க்காவுக்கே அனுப்புகிறார்கள். அங்கே முழுதும் விலைபோகவில்லை, மிச்சத்தை வேறு துறைமுகங்களுக்குத் திருப்பிவிட்டார்கள். கணக்கை முடிக்க மூன்று வருஷத்துக்கு மேல். லாபம் நூற்றுக்கு ஒன்பதுகூட இல்லை. தொண்ணூறு நாளில் பணம் வரவில்லை என்று நீ போனில் போடுகிற சத்தம் ஞாபகம் வந்தது.

வட்டி விஷயத்துக்கு வருகிறேன். அன்றைய திருச்சபைக்கு வட்டி என்பது பாவம். வெளிப்படையாக வட்டி வாங்குகிறவனுக்கு நற்கருணையும் கிடையாது, கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது என்று 1179-லேயே ரோமில் கூடிய லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பெருங்கூட்டம் தீர்மானித்துவிட்டது. ஆனால் வட்டியில்லாமல் வியாபாரம் எப்படி நடக்கும்? உண்டியல் எழுதினார்கள், அதாவது ஓர் ஊரில் கொடுத்த பணத்தை இன்னோர் ஊரில் வாங்கிக்கொள்ளும் சீட்டு. புளோரன்ஸில் அந்த ஊர்ப் பொற்காசான புளோரினாகக் கொடு, சில மாதம் கழித்து பார்சிலோனாவில் அந்த ஊர்க் காசாக வாங்கிக்கொள். காசு மாற்றும் விகிதம் ஏறலாம், இறங்கலாம், நஷ்டமும் வரலாம், அதனால் இது கடன் இல்லை, நாணய மாற்று! வட்டியோ அந்த மாற்று விகிதத்துக்குள்ளே உட்கார்ந்திருக்கும். போப்பின் வரிப்பணமே இப்படிப்பட்ட வியாபாரிகள் கை வழியாகத்தான் போனது. அப்படியும் தத்தீனி புளோரன்ஸில் ஒரு வங்கி தொடங்கியபோது, நல்ல வியாபாரி என்ற பெயர் கெட்டுப்போகும் என்று நண்பர்கள் பயந்தார்கள்.

நண்பர்களில் முக்கியமானவர் லாப்போ மாட்ஸேய், பத்திரம் எழுதும் நோட்டரி. 'இவ்வளவு ஓட்டம் எதற்கு, ஆன்மாவைக் கவனி' என்று வருஷக்கணக்கில் தத்தீனிக்குக் கடிதம் எழுதியவர். 1399-ல் இத்தாலி முழுக்க ஜனங்கள் வெள்ளைத் துணி உடுத்தி, வெறுங்காலோடு, பாவமன்னிப்புக் கேட்டு ஊர் ஊராக நடந்தார்கள். தத்தீனியும் நடந்தார், சாட்டையால் தன்னை அடித்துக்கொண்டார். பின்னால் குதிரைகளும் ஒரு கோவேறு கழுதையும் வந்தன. அவற்றின் மேல் மிட்டாய், புதுப் பாலாடைக்கட்டி, ரொட்டி, பிஸ்கட், கேக், மெழுகுவர்த்தி. எடுத்துக்கொண்டு போன பண்டங்களை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இதைப் படித்து வேஷம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேஷக்காரன் மிட்டாயைக் கணக்கில் எழுதுவானா? அவருக்கு நரகபயமும் நிஜம், நஷ்டபயமும் நிஜம். இரண்டையும் ஒரே பேனாவால் எழுதினார், அவ்வளவுதான். என்னால் ஜீரணிக்க முடியாதது வேறு. கொள்ளைநோய்க்குப் பிறகு வேலையாள் கிடைக்காததால் அந்த ஊர்களில் அடிமைகளை விலைக்கு வாங்கினார்கள். பாத்திரம் தேய்க்க, விறகு சுமக்க ஒரு சின்னப் பெண் வேண்டும் என்று தத்தீனி ஜெனோவாவுக்கு எழுதியிருக்கிறார். வட்டிக்கு அவ்வளவு நடுங்கிய மனசு இதற்கு நடுங்கவில்லை. அவருக்கும் மனைவி மார்கரீட்டாவுக்கும் குழந்தை இல்லை. ஜினேவ்ரா என்ற ஒரே மகளும் வீட்டு அடிமைப்பெண் லூசியாவுக்குப் பிறந்தவள்தான். அவளை மார்கரீட்டாவே வளர்த்தாள்.

1410-ல் சாகும்போது சுமார் எழுபதாயிரம் புளோரின் சொத்தைப் பிராட்டோ ஏழைகளுக்கு எழுதிவைத்தார். உயில் எழுதியது லாப்போதான். அதில் ஒரு கண்டிப்பான நிபந்தனை: அறக்கட்டளை திருச்சபை கைக்குப் போகக்கூடாது, ஊர்க்காரர்கள்தான் நடத்த வேண்டும். போப்பின் ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் கடை போட்டவர் இல்லையா, தெரிந்துதான் எழுதியிருப்பார். புளோரன்ஸில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்துக்குத் தனியாக ஆயிரம் புளோரின். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது.

சரி, நீளமாகிவிட்டது. தை மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கரூர் வருகிறேன், இரண்டு நாள் உன் வீட்டில்தான். அந்த உண்டியல் கணக்கை உன் மகனுக்கு விளக்கிச் சொல். எங்கேயாவது நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அவன் பிடித்துவிடுவான்.

உன்,
ராஜாராம்