பழைய படங்களின் தலையையும் காலையும் வெட்டாதீர்கள்: ஓடிடி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய படங்களை வாங்கி வெளியிடும் ஓடிடி நிறுவனங்களுக்கு,

வணக்கம். நானும் என் நண்பனும் வாரம் ஒரு பழைய படம் பார்ப்பவர்கள். பெரும்பாலும் ஏற்கெனவே பார்த்த படமாகத்தான் இருக்கும். அவன் அவன் வீட்டில், நான் என் வீட்டில், போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் ஓடவிடுவோம். முடிந்ததும் பேச ஆரம்பித்தால் சில நாள் படத்தைவிடப் பேச்சு நீளமாகப் போகும்.

போன மாதம் ஒரு கருப்பு வெள்ளைப் படம் பார்த்தோம். அவனிடம் பழைய டிவிடி இருந்தது, நான் உங்களில் ஒருவருடைய தளத்தில் பார்த்தேன். மனைவி கணவனிடம் "எனக்கு ஒன்றும் வருத்தமில்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் ஒரு காட்சி. அவள் உண்மையிலேயே அவனை மன்னித்துவிட்டாள் என்று நான் சொன்னேன். "முகத்தைப் பாக்காதடா, கையைப் பாரு" என்றான் அவன். எந்தக் கை? என் திரையில் அவள் நெஞ்சோடு முடிந்துவிட்டாள். நீயாகக் கற்பனை பண்ணாதே என்று அரை மணி நேரம் அவனோடு மல்லுக்கு நின்றேன். கடைசியில் பொறுக்க முடியாமல் அந்த இடத்தில் நிறுத்தி, டிவியைப் போனில் படம் பிடித்து அனுப்பினான். திரையின் அடி ஓரத்தில் அவளுடைய இரண்டு கைகளும் இருக்கின்றன, ஒரு கடிதத்தைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. படத்தின் உயிரே அந்தக் கைகளில்தான் இருக்கிறது, அதை நீங்கள் வெட்டிவிட்டீர்கள்.

ஏன் வெட்டினீர்கள் என்பதும் தெரியும். 1932-இல் ஹாலிவுட் வகுத்துக்கொண்ட பட அளவு 1.37-க்கு 1, அதாவது உயரம் 1 என்றால் அகலம் 1.37. அகலத்திரை வரும்வரை எத்தனையோ படங்கள் ஏறக்குறைய இந்தச் சதுர வாக்கில்தான் எடுக்கப்பட்டன. இன்றைய டிவி 16-க்கு 9, அதாவது 1.78. அப்படியே போட்டால் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரும், பார்ப்பவர் திரை நிறையவில்லை என்று குறை சொல்வார், சரி, பெரிதாக்கி மேலேயும் கீழேயும் கத்தரித்துவிடுவோம் என்று முடிவு செய்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், உயரத்தில் சுமார் 23 சதவீதம் போய்விடுகிறது. கிட்டத்தட்ட கால் பங்குப் படம்!

முதல் தடவை பார்ப்பவருக்கு இது உறைக்காமல் போகலாம். கதை என்ன ஆகுமோ என்ற தவிப்பில் கண் முகத்தை விட்டு நகராது. இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் கண் சாவகாசமாக ஓரங்களுக்குப் போகும், பின்னால் நிற்பவர் என்ன செய்கிறார், மேசையில் என்ன கிடக்கிறது, கேமராக்காரர் தலைக்கு மேலே அவ்வளவு வெற்றிடத்தை ஏன் விட்டார் என்றெல்லாம் கேட்கத் தோன்றும். திரும்பப் பார்ப்பதன் சுகமே அங்கேதான் இருக்கிறது. அதைத்தான் வெட்டி எறிகிறீர்கள்.

1927-இல் பெர்லினில் முதலில் திரையிடப்பட்ட 'மெட்ரோபோலிஸ்' படத்தின் கதை உங்களுக்குத் தெரியாததில்லை. வெளியான கொஞ்ச நாளிலேயே அதைக் குறைத்துவிட்டார்கள், வெட்டிய பகுதிகளைப் பல பத்தாண்டுகள் தேடினார்கள், 2008-இல் புவெனஸ் ஐரஸில் ஒரு திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 மில்லிமீட்டர் பிரதி ஒன்று கிடைத்து ஏறக்குறைய 25 நிமிடம் திரும்பி வந்தது. அந்தப் பிரதியில் படத்தின் ஓரம் கொஞ்சம் போயிருந்தது. மீட்டெடுத்தவர்கள் இருப்பதை இழுத்துத் திரையை நிரப்பவில்லை, இல்லாத இடத்தைக் கருப்பாகவே விட்டார்கள். அந்தக் கருப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது. உங்களிடம் முழுப் படமும் பத்திரமாக இருக்கிறது. யாரும் எங்கேயும் போய்த் தேட வேண்டியதில்லை.

அப்புறம் இன்னொன்று. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் பெயர்ப் பட்டியல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், கடைசியில் 'முற்றும்' என்று ஓர் அட்டை மட்டும் வரும். உங்கள் ஆப் அந்த அட்டை வருவதற்குள், சில சமயம் கடைசி ஷாட் ஓடும்போதே, படத்தைச் சுருக்கி மூலையில் தள்ளிவிட்டு அடுத்த படத்தின் விளம்பரத்தைக் காட்டுகிறது. போனில் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் இருக்கும் நேரம் அது. அதை எங்களுக்கே விட்டுவிடுங்கள்.

கருப்புப் பட்டை பிடிக்காதவர்களுக்கு வெட்டிய பிரதியும் இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது வெட்டியது என்று படத்தின் பெயருக்குக் கீழே எழுதுங்கள், முழு ஃப்ரேமையும் பக்கத்திலேயே கொடுங்கள். ஆடியோ மொழியைத் தேர்ந்தெடுக்க வைத்திருப்பதைப் போல இதற்கும் ஒரு பட்டன் வைத்தால் போதும்.

நான் பார்த்த படத்தின் பெயர், அந்தக் காட்சி வரும் நிமிடம், நண்பன் அனுப்பிய போட்டோ எல்லாவற்றையும் அந்தத் தளத்தின் உதவிப் பக்கத்துக்கு இரண்டு தடவை அனுப்பியிருக்கிறேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அந்தப் படத்தை அடுத்த முறை பார்க்கும்போது என் திரையிலும் அந்தக் கைகள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பார்த்த படத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு சந்தாதாரர்