அத்தானின் குடல் அடைப்பு

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்த நேரம் நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். அத்தானுக்குச் சிறுகுடல் அடைப்பு. ஆபரேஷன் முடிந்து இப்போது கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு வந்திருக்கிறார்.

ரொம்ப நாளாகவே சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அவருக்கு வயிறு உருட்டிப் பிசையும், பிறகு தானே அடங்கும். கேஸ் என்று ஓமத் தண்ணீரில் காலம் ஓடியது. எண்டாஸ்கோப்பி நார்மல், கொலனோஸ்கோப்பியும் நார்மல். இருக்காதா பின்னே? 6 மீட்டர் சிறுகுடலில் பெரும்பகுதி இந்த இரண்டு குழாய்க்கும் எட்டாது.

அன்றைக்கு ராத்திரி பச்சையாக வாந்தி. வயிறு உப்பிக் கல் மாதிரி. காற்றுகூடப் பிரியவில்லை. மூக்கு வழியே ரைல்ஸ் டியூப் போட்டதும் பாசித் தண்ணீராக பை நிறைந்தது. சர்ஜன் முதலில் வேட்டியை இறக்கித் தழும்பைத்தான் தேடினார். இந்த அடைப்பு பெரும்பாலும் பழைய ஆபரேஷனால் குடல் ஒட்டிக்கொண்டு வருவதாம். இல்லையென்றால் குடலிறக்கம் என்கிற ஹெர்னியா, நம் நாட்டில் குடல் டிபி. “தழும்பும் இல்ல, ஹெர்னியாவும் இல்ல. சும்மா அடைக்காதே” என்று சிடி ஸ்கேனுக்கு அனுப்பினார். குடலுக்குள் குடல் சொருகிக் கிடந்தது. குழந்தைகளுக்குக் கட்டி இல்லாமலே இப்படி ஆகும். பெரியவர்களுக்கு ஆனால் உள்ளே ஏதோ பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம்.

இழுத்தது ஒரு சின்னக் கட்டி. நியூரோ எண்டோகிரைன் வகை, அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் முளைக்கும் ஒருவகைப் புற்று. ஹிந்தி நடிகர் இர்ஃபான் கான் 2018-ல் தனக்கு வந்ததாகச் சொன்னாரே, அந்த இனம். ஜீரணப் பாதையில் வரும் புற்றுநோய்களில் சிறுகுடலுக்கு வருவது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. உள்ளே எல்லாம் நீராக வேகமாக ஓடிவிடுவதும் கிருமிகள் குறைவாக இருப்பதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அத்தானுக்குக் கட்டியோடு பக்கத்து நெறிகட்டிகளையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள். மெதுவாக வளர்கிற ரகம்தானாம், ஆனாலும் ஸ்கேனும் செக்கப்பும் வருஷக்கணக்கில் தொடரும்.

ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, “காத்து பிரிஞ்சுதா?” பிரிந்த அன்று அக்கா வெட்கமே படாமல் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

உனக்கும் சாப்பிட்டதும் வயிறு பிசைகிறது என்று எழுதியிருக்கிறாய். ஹாஸ்டல் காலத்து அப்பெண்டிக்ஸ் தழும்பு உனக்கு இருக்கிறது. டாக்டரிடம் போகும்போது அதை மறக்காமல் சொல். எடை குறைகிறதா, ரத்தம் குறைகிறதா என்றும் பார்க்கச் சொல். வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் விடியட்டும் என்று படுத்திருக்காதே, உடனே கிளம்பிவிடு.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு