ஜாமெட்ரி பாக்ஸ்

திருப்பாதிரிப்புலியூர்,
மாசி மகத்துக்கு மறுநாள்.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்பாய். நீ போனை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. வேலை இருக்கும், சரி.

பாப்பா புதுப் பள்ளிக்கூடத்தில் யாரோடும் சேராமல் டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள் என்று சொன்னாய். "குழந்தைதானே, ரெண்டு நாள்ல மறந்துடுவா" என்றேன். "சரிப்பா, வெக்கிறேன்" என்றாய். அந்த 'சரிப்பா' இன்னும் காதிலேயே கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையானால் அவளை அந்தச் சென்னைப் பிள்ளையோடு பேச விடு. பக்கத்தில் நின்று கேட்காதே. ஒரு வாரம் அந்தப் பிள்ளை எடுக்காவிட்டால், "உன்னை மறந்துட்டா பாரு" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லிவிடாதே. அதுவும் எங்காவது விளையாடப் போயிருக்கும் என்று சொல். இங்கே எல்லாரோடும் போய்ச் சேர் என்று இவளைப் பிடித்துத் தள்ளவும் வேண்டாம். வகுப்பில் ஒருத்தி போதும். அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு தோசை வார்த்துக் கொடு. ஞாயிற்றுக்கிழமை போனை மட்டும் விட்டுவிடாதே.

ஒண்டியாக ஓசூரில் வீடு பார்த்து, லாரி பிடித்து, எல்லாம் நீயே செய்தாய். அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் பாப்பாவிடம் கடைசி வாரம்தான் சொன்னாயாமே? போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் குழந்தைக்கு நாலு நாள் வேண்டாமா?

எழுதிவிட்டேன். யார் யாருக்குச் சொல்வது.

நேற்று தேவனாம்பட்டினம் போனேன். தீர்த்தவாரிக்குச் சாமிகள் வந்து நிற்கின்றன, மணல் தெரியாத கூட்டம். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் என்னையே பார்த்தாள். உன் சிநேகிதிதான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, "அன்னிக்கு நான் வந்தேன்னு அவகிட்ட சொன்னீங்களா சார்?" என்றாள்.

2005 மே மாதம், லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. சுனாமிக்கு அப்புறம் அவர்களை வைத்திருந்த கொட்டகையிலிருந்து அந்த வெயிலில் நடந்தே வந்திருந்தாள். கையில் உன் ஜாமெட்ரி பாக்ஸ். வெள்ளத்தில் எல்லாம் போய்விட்டது என்று நீ கொடுத்தாயே, அது. நீ கொல்லைப்பக்கம் இருந்தாய். "தூங்குறா" என்றேன். கேட்டைக்கூடத் திறக்கவில்லை, கம்பி இடுக்கில் கையை விட்டு வாங்கிக்கொண்டேன். எழுந்துவிடுவாய் என்று கொஞ்ச நேரம் புங்கமரத்தடியில் நின்றாள்.

திருச்சியில் பெட்டியைப் பிரித்தபோது, "இதை அவளுக்குக் குடுத்தேனேப்பா" என்றாய். "குடுத்திருக்க மாட்டே, நல்லா யோசி" என்றேன். பதினோரு வயது. நீயும் உட்கார்ந்து யோசித்தாய்.

டிசம்பரிலிருந்து நீ தூக்கத்தில் அழுதுகொண்டிருந்தாய். இன்னொரு தடவை அழுது பார்க்க எனக்குத் தெம்பில்லை. லாரிக்காரர் அவசரப்படுத்தினார் என்று அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நேற்றும் "சொன்னேம்மா" என்றுதான் சொன்னேன்.

அவள் நம்பர் எழுதிய சீட்டு உள்ளே இருக்கிறது. காலையில் மீன் ஏலத்துக்குப் போய்விடுவாளாம், சாயந்தரம் பேசு.

பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ அனுப்பினேன். வந்ததா என்றாவது சொல்.

அப்பா