தென்கொரியாவின் உசுயோங்கிலிருந்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பேத்தியின் பள்ளியில் நம் பெண்கள் வட்டமாக ஆடும் கங்கங்சுல்லே ஆட்டம் பற்றி எழுதி வரச் சொன்னார்களாம். மாப்பிள்ளைதான் போனில் கேட்டார். நீயே சொல்லிக் கொடுத்திருக்கலாமே, சின்ன வயதிலிருந்து ஆடியவள் ஆயிற்றே. சரி, வேலை இருந்திருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

தளபதி யி சுன்சின் கதையை எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள். பெண்களை மலைமேல் வட்டமாக ஆடவிட்டு, பெரிய சேனை நிற்கிறது என்று ஜப்பானியர்களை நம்ப வைத்தாராம். 1597-இல் அவர் வென்ற கடல் நம் வாசலிலேயே இருக்கிறது, நமக்கும் பெருமைதான். 1966-இல் அரசு இந்த ஆட்டத்தைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்ததையும், 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததையும் ஒரு வரியில் எழுதட்டும், போதும்.

முக்கியமானது வேறு. அந்தக் காலத்தில் பெண்கள் வாய்விட்டுப் பாடக் கூடாது, இரவில் வெளியே போகக் கூடாது. அறுவடைத் திருநாளான சூசோக் பௌர்ணமிக்கு மட்டும் விலக்கு. கைகோத்து மெதுவாகத் தொடங்குவார்கள். முன்பாட்டுக்காரி ஓர் அடி எடுக்க, மற்றவர்கள் "கங்கங்சுல்லே" என்று வாங்கிப் பாடுவார்கள். பாட்டு வேகமெடுத்தால் கால்கள் ஓட ஆரம்பித்துவிடும். நடுவில் பெரணிக் குருத்து பறிப்பது, மீன் கோப்பது, பாய் சுருட்டுவது என்று அன்றாட வேலையெல்லாம் விளையாட்டாக வரும். குனிந்து நிற்கும் முதுகுகள்மேல் ஒருத்தி நடப்பாளே, அதைப் பேத்தி கட்டாயம் எழுத வேண்டும்.

முன்பாட்டுக்காரி அங்கேயே வரி கட்டுவாள். மாமியார் படுத்தும் பாடு, பிறந்த வீட்டு ஏக்கம், எதையும் பாடலாம். மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்களே தவிர, ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஒரே நிற ஹன்போக் உடையில் மேடையில் ஆடும்போது இதுதான் காணாமல் போகிறது.

உன் குரல் முன்பாட்டுக்கென்றே அமைந்த குரல், ஊரே சொல்லும். போன சூசோக்கில் நீ வாயே திறக்கவில்லை. இளைத்தும் இருந்தாய். நான் எதுவும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

இந்த முறை டிக்கெட்டைச் சீக்கிரம் எடு, பண்டிகை ரயிலில் இடம் கிடைக்காது. உன் புகுந்த வீட்டில் பண்டிகைச் சடங்கு முடிந்து இவ்வளவு தூரம் வர விடமாட்டார்கள் என்றால், பழைய வழக்கப்படி செய்வோம். கட்டிக்கொடுத்த பெண்ணும் தாயும் ஆளுக்குப் பாதி வழி நடந்து வந்து பார்த்துக்கொள்வார்களே, அப்படி. நான் இக்சான் வரை வந்துவிடுவேன். எள் பூரணம் வைத்த சோங்பியோன் கொழுக்கட்டை கொண்டு வருகிறேன். மாப்பிள்ளைக்குச் சிரமம் வேண்டாம், நீ மட்டும் வா. எந்த நாள் என்று நீயே போன் பண்ணிச் சொல்.

அம்மா