நானோ என்றால் வெப்பம் வேகமாகப் போகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிச் சில்லுகள் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் பாகங்கள் சுருங்கச் சுருங்க வெப்பம் சுலபமாக வெளியேறும் என்று அதில் சொல்லியிருப்பது தலைகீழ். நானோ கம்பிகளின் வெப்பக் கடத்தலை அளப்பதுதான் என் வேலை. அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

அறை வெப்பநிலையில் கட்டியான சிலிக்கானின் வெப்பக் கடத்துத்திறன், அதாவது வெப்பத்தைக் கடத்தும் அளவு, ஒரு மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 148 வாட். இரும்பையே மிஞ்சும். அதையே 22 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) தடிமனுள்ள கம்பியாக்கினால் 10-க்குக் கீழே விழுந்துவிடும் என்று 2003-இல் அளந்து காட்டினார்கள். 2008-இல் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய 50 நானோமீட்டர் கம்பி ஒன்றில் 1.6 வரை இறங்கியது. கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி!

சிலிக்கானில் வெப்பத்தைச் சுமப்பவை பெரும்பாலும் ஃபோனான்கள், அதாவது அணுக்களின் அதிர்வலைகள். கட்டியில் இவற்றில் பல, நூற்றுக்கணக்கான நானோமீட்டர் தூரம், சில மைக்ரான் (ஆயிரம் நானோமீட்டர் ஒரு மைக்ரான்) கணக்கில்கூட, தடையில்லாமல் ஓடும். கம்பியின் குறுக்களவே 22 என்றால் எங்கே ஓடுவது? பக்கச் சுவரில் முட்டிச் சிதற வேண்டியதுதான்.

இதை அளப்பது பெரும்பாடு. மெல்லிய கால்களில் தொங்கும் இரண்டு திட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிளாட்டினச் சுருள், நடுவில் பாலமாகக் கம்பி. ஒரு திட்டைச் சூடாக்கி, மறு திட்டிலுள்ள சுருளின் மின்தடை எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்போம்; பிளாட்டினம் சூடானால் அதன் மின்தடை கூடும். எல்லாம் வெற்றிடத்தில்தான். காற்று இருந்தால் கம்பியை விட அதுவே அதிக வெப்பத்தைக் கடத்திவிடும். அப்புறம், கம்பி திட்டோடு ஒட்டும் இடத்தில் வெப்பம் தடைபட்டால் பழி கம்பியின் தலையில் விழும். சந்தேகமான எண்கள் பலவும் அங்கிருந்துதான் வருகின்றன.

இன்றைய சில்லுகளிலுள்ள டிரான்சிஸ்டர்களில் சிலிக்கான் சில நானோமீட்டர் அகலம்தான். சுற்றியிருக்கும் ஆக்சைடும் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. வடிவமைப்பாளர்களுக்குத் தலைவலியே அதுதான்.

வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பவர்களுக்கோ இதே குறை வரம். வெப்பத்தைக் கடத்தாமல் மின்சாரத்தை மட்டும் நன்றாகக் கடத்தும் பொருள்தான் அவர்களுக்கு வேண்டும். எலக்ட்ரான்கள் ஃபோனான்களைப் போல நீண்ட தூரம் ஓடுவதில்லை. அதனால் மின் கடத்தல் அந்த அளவுக்கு அடிபடாது. ஆனாலும் கடையில் கிடைக்கும் வெப்பமின் தகடுகள் இன்னும் பெரும்பாலும் சிலிக்கான் அல்ல, பிஸ்மத் டெல்லுரைடு என்ற சேர்மம்தான். கட்டுரையாளர் அடுத்த முறை இந்தப் பக்கத்தையும் எழுதினால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஆய்வகத்தில் பணிபுரியும் வாசகர்